மூக்கில் ஒட்டு வேலை

இருபது வருடமாக எங்கள் தீவில் மரைன் ஹில் ஏற்றத்தில் தார் ஊற்றிப் பள்ளம் அடைக்கும் ரோடு காண்ட்ராக்டர் நான். போட்ட ஒட்டு நிற்பதில்லை என்று ஊர் என்னைத் திட்டாத நாளில்லை. அந்த வெயில் என் மூக்கில் ஒரு கறுப்புப் பருவை வைத்துவிட்டது. ஒரு மழைக்காலம் முழுக்க ஆறவில்லை. துண்டு பட்டாலே ரத்தம் வந்தது.

டாக்டரம்மா மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்தவர், என் மூத்த மகள் வயது. "வெயில் படப்பட உங்க தோல் செல்லுல டி.என்.ஏ. சேதமாகுது சார். செல்லே அதைச் சரி பண்ணிக்கும். சில நேரம் தப்பா ஒட்டிடும். அந்தத் தப்பெல்லாம் சேர்ந்தா கேன்சர்."

"அப்ப உள்ளேயும் என்னை மாதிரி ஒரு ரோடு காண்ட்ராக்டர்தான் இருக்கான்னு சொல்லுங்க."

சிரித்தார். "தப்பை ரொம்பத் திட்டாதீங்க. பிள்ளைக்குப் போற செல்லுல அப்பப்போ ஒரு தப்பு தங்கினதாலதான் நாம மனுஷனானோம். இல்லேன்னா இன்னும் கடல்ல ஒத்தை செல்லா மிதந்துட்டிருப்போம்."

மிதப்பது ஒன்றும் மோசமாகத் தோன்றவில்லை. மூக்கே இருக்காது.

பருவிலிருந்து கொஞ்சம் கிள்ளி, மருந்து நிரப்பிய பாட்டிலில் போட்டுக் கொடுத்தார். சென்னை லேபுக்குப் போக வேண்டும். எங்கள் ஊரில் கூரியரை எவன் நம்புவான்? மெயின்லேண்ட் போகிறவன் கையில் கொடுப்பதுதான் வழக்கம். கப்பலேறவிருந்த மச்சினனிடம் கொடுத்தேன்.

"டென்ஷன் மத் லோ மாமா, கவலையே படாதீங்க, பத்திரமா சேர்த்திடறேன்."

அதற்குப் பிறகு எனக்குச் சரியான தூக்கமில்லை. சின்னவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. செத்துப்போவேனோ என்று நிஜமாகவே பயந்தேன். கடைசியில் பதில் வந்தது: உறைந்து கெட்டுவிட்டது, மறுபடி எடுத்து அனுப்பவும்.

மச்சினனுக்குப் போன் போட்டேன்.

"கெட்டுப்போகக் கூடாதுன்னுதான் மாமா, கப்பல் கிச்சன்ல சொல்லி என் சுரமீன் பார்சலோட ஃப்ரீசர்ல வெச்சேன்."

தீவுக்காரன் புத்தி. மெயின்லேண்ட் போகும் சதை எதுவானாலும் ஐஸில் வைக்க வேண்டும். வாயில் வந்ததையெல்லாம் ஹிந்தியில் சொன்னேன். திட்டுவதற்கு அதுதான் வசதி.

இந்த முறை டாக்டரம்மா கிள்ளவில்லை. "ஒரு மாசம் வீணாப்போச்சு. முழுசாவே எடுத்திடலாம்." சுற்றிலும் வெட்டி எடுத்து, காதுக்குப் பின்னாலிருந்து தோல் எடுத்து ஒட்டினார். வெட்டியதைப் போட்ட பாட்டிலை நானே சென்னைக்கு விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

ஊர் திரும்பிய பிறகு, அபர்டீன் பஜாரில் ஆட்டோவில் போகும்போது டாக்டரம்மாவின் போன் வந்தது. கேன்சர்தான். ஆனால் முழுசாக வந்துவிட்டது, ஓரமெல்லாம் சுத்தம் என்றார். வெட்கமில்லாமல் அழுதேன். ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டினார்.

அடுத்த ஞாயிறு மச்சினன் சாப்பிட வந்தான். மூக்கை உற்றுப் பார்த்தான். ஒட்டிய இடம் நிறம் சேரவில்லை, நான் ரோட்டில் போடுவதைப் போலவே.

"நான் மட்டும் ஒழுங்கா கொண்டுபோயிருந்தா, இன்னும் கிள்ளிக்கிட்டேதான் இருந்திருப்பாங்க மாமா."

திட்டத்தான் வாயெடுத்தேன். பிறகு மனைவியிடம், அவன் தட்டில் இன்னொரு மீன் துண்டு வைக்கச் சொன்னேன்.