பத்து மீட்டர் ஒயரு

இத எழுதவே வேணாம்னுதான் இருந்தேன். ஒரு ஹெச்டிஎம்ஐ ஒயரு வாங்கன கதைய எவன் படிப்பான்? மழை பேஞ்சி கடையில வேல இல்ல, அதான் எழுதறேன்.

விழுப்புரத்துல ஒரு டிவி கடையில நான் ஃபிட்டரு. ஒம்பதாவதோட ஸ்கூலு என்ன உட்டுட்டு ஓடிடுச்சி. கடையில எங்கூட வேல செய்றவன் என் தோஸ்து. பக்கத்துத் தெருப் பொண்ணும் நானும் மூணு வருசமா பழகிக்கினு இருந்தது அவனுக்கு மட்டுந்தான் தெரியும்.

அந்தப் பொண்ணுக்குத் திண்டிவனத்துல மாப்ள பாத்துட்டாங்க. சீர்ல வெக்க நாப்பது இன்ச் டிவி வாங்கறதுக்கு அவங்க அப்பா எங்க கடைக்கே வந்தாரு. "ஏம்பா, ஒயரும் நல்லதா குடு. சபையில வெக்கறது"ன்னாரு. முனையில தங்க முலாம், மேல செவப்பு நூலு சுத்தனது, ஒன்றரை மீட்டர்ல ஒண்ணு இருந்துச்சி. "இத எடுங்க மாமா, பொண்ணு கழுத்துலயே மாட்டி அனுப்பலாம்"னேன். சிரிச்சிக்கினே வாங்கிக்கினாரு.

அவரு போனதும் தோஸ்து, "இன்னாடா, அழுவ வரலியா?"ன்னான்.

"வரலடா."

நெசமாவே வரல. பல்லு புடுங்க ஊசி போட்டா கன்னம் மரத்துப் போவும் பாரு, அப்டி இருந்துச்சி.

அந்த ஒயரு பத்தாதுன்னு எனக்குத் தெரியும், சொன்னா எப்டித் தெரியும்னு கேப்பாரேன்னு சொல்லல. கல்யாணம் முடிவான வாரமே திண்டிவனம் பஸ் ஏறிப் போயி, அந்த வூட்ட வெளியவே நின்னு பாத்துட்டு வந்துட்டேன். டிஷ் ஒயரு பின்னாடி ரூமு ஜன்னல்ல நொழைஞ்சிது. அப்போ செட்டாப் பாக்ஸு அங்க, புது டிவி முன்னாடி ஹால்ல, ரெண்டுக்கும் நடுவுல ஓட வேண்டியது இந்த ஒயரு. சந்துல நடந்துக்கினே செவுத்த எட்டு வெச்சி எண்ணிட்டேன். தொழில் புத்தி.

கல்யாணம் முடிஞ்சி டிவி மாட்டக் கூப்ட்டாங்க. மொதநாளு கடையில மூணு பத்து மீட்டர் ஒயர மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தோம். "குட்ட ஒயருன்னா எதப் போட்டாலும் ஒரே படந்தாண்டா. தூரம் போனாத்தான் மெலிசு கைய உட்டுடும்"னான் தோஸ்து. ஒண்ணுல படம் உட்டு உட்டு வந்துச்சி. இன்னொண்ணுல புள்ளி புள்ளியா மின்னிச்சி. மூணாவது கருப்பா, சாரப்பாம்பு மாரி தடியா, பாக்கவே அசிங்கமா இருந்துச்சி. ஒரு மணி நேரம் ஓடவுட்டோம், ஒரு தபா கூட படம் ஆடல. அத எங்காசுலயே எடுத்துக்கினேன்.

அங்க போனா அந்தப் பொண்ணோட மாமியாரு சோபாவுல ரெடியா குந்திக்கினு இருந்துச்சி. "பெரிய மருமவ கொண்டாந்த டிவில படம் கண்ணாடி மாரி இருக்கும். இதுல எப்டி வருதுன்னு பாப்போம்." பாக்ஸு அந்தம்மா ரூமுல இருக்குது, அத நவுத்தக் கூடாதாம். மாப்ள தங்க முலாம் ஒயர இழுத்துப் பாத்தாரு. ரூமு கதவக் கூட எட்டல.

"அளவு கூடத் தெரியாமலா சீரு குடுத்தாங்க?" மாமியாரு ஆரம்பிச்சிடுச்சி. அந்தப் பொண்ணு சமையக்கட்டுல தலைய குனிஞ்சிக்கினு நின்னுச்சி.

"அது கடையில டெஸ்ட் பண்ணிக் காட்டறதுக்குங்க. வூட்டுக்கு இதுதான். பொண்ணோட அப்பா தனியா வாங்கிக் குடுத்துவுட்டாரு"ன்னு கருப்பு ஒயர எடுத்தேன். மாப்ள ஏணி புடிச்சாரு. கிளிப்பு அடிச்சிக்கினே வந்து மாட்டனேன். படம் பளிச்சின்னு வந்துச்சி. மாமியாரு ரிமோட்ட வாங்கி இடுப்புல சொருவிக்கிச்சி.

மாப்ள நல்ல மனுசன். அதான் பேஜாரு. "எப்டி பாஸ், ஒரு சாண் கூட மிச்சமில்லாம கொண்டாந்தீங்க? வந்து அளக்கவே இல்லியே?"ன்னாரு.

சமையக்கட்டுல பாத்திரம் கழுவற சத்தம் நின்னுச்சி.

"குத்துமதிப்புதாங்க"ன்னேன்.

கொஞ்ச நேரத்துல அந்தப் பொண்ணு காபி கொண்டாந்து டிவி பக்கத்துல வெச்சிட்டுப் போயிடுச்சி. என்ன பாக்கல. காபியில சக்கர இல்ல, நான் குடிக்கற மாரியே.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினு தோஸ்துக்குப் போன் போட்டேன். எல்லாத்தயும் சொல்லிட்டு, "படம் சூப்பரா ஓடுதுடா"ன்னேன்.

"அந்த வூட்லேர்ந்து கம்ப்ளெய்ண்ட் வந்தா நீ போவாத, நான் போறேன்"னான்.