நான் போட்ட பிடி அரிசி

என் அத்தையைப் போல உறங்கத் தெரிந்தவர்களை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. அவள் அப்பாவின் தங்கை. கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷனை இழந்து எங்களோடு வந்துவிட்டாள். மதியம் முந்தானையை விரித்துத் தலை சாய்த்தாளானால், நாங்கள் மேலே ஏறி விளையாடினாலும் அசையமாட்டாள். சாப்பாட்டிலும் அப்படித்தான். ராதாபுரத்துப் பனங்காட்டில் கூழும் கருப்பட்டியுமாக வளர்ந்தவள். அப்பாவுக்குப் பாளையங்கோட்டைக்குக் கிழக்கே பள்ளிக்கூட வேலை கிடைத்து, நாங்கள் தாமிரபரணிக் கரைக்கு வந்த பிறகுதான் அவள் மூன்று வேளையும் நெல்லுச்சோறு கண்டாள். அதைக் கொஞ்சமும் வெட்கமில்லாமல் அனுபவித்தாள். யாராவது வாய் திறந்து பகலில் உறங்குவதைக் கண்டால் இந்த வயதிலும் எனக்கு அவள் வேண்டும் போலிருக்கிறது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது. எனக்கு அப்போது ஏழு வயது. கை சின்னது, பக்தி பெரிது. கலயத்தில் அரிசி விழும்போது கர்த்தர் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அந்த வருஷம் மழை பொய்த்தது. அரிசி கிடைப்பதே அரிதாகி, வேளைக்கு இவ்வளவுதான் என்று அப்பா உழக்கால் அளந்து வைத்துவிட்டார். கூடவே காய்ச்சலும் வந்தது. முதலில் நான் படுத்தேன், ஐந்தாம் நாள் எழுந்தேன். நான் எழுந்ததும் இரண்டு தம்பிகளும் அம்மாவும் ஒரே நாளில் விழுந்தார்கள். அப்பா பள்ளிக்கூடத்துக்கும் மருந்துக்குமாக அலைய, மற்றதெல்லாம் அத்தையின் தலையில் விழுந்தது.

உறக்கத்துக்குப் பேர்போன அத்தை உறங்குவதை விட்டாள். சின்னத் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருப்பாள். அவன் முனகினால் உடனே கண் திறந்துவிடும். மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். அவள் புருஷன் போனதும் காய்ச்சலில்தான் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. ஒரு பிடிக்கு நான் ஒருத்தி பிழைத்தேன் என்றால் மூன்று பேருக்கு மூன்று பிடி போட வேண்டும் அல்லவா? கணக்குச் சரியாகத்தான் இருந்தது. முதல் நாள் மூன்றாவது பிடியை அள்ளும்போது அத்தை பார்த்துவிட்டாள். கை ஒரு கணம் என் பக்கம் நீண்டது. பிறகு, "போடு தாயி, பிள்ளையளுக்காகத்தான போடுத" என்று அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

எல்லோரும் உண்டு முடித்த பிறகு பானையில் மிஞ்சியதுதான் அவள் சாப்பாடு. அது ஒரு கைச்சோறாயிற்று, பிறகு உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீராயிற்று. ஏன் என்று கேட்டால் பசியில்லை என்பாள். பெரியவர்களானால் பசி போய்விடும் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தம்பிகள் தேறினார்கள். அம்மா எழுந்து உட்கார்ந்து ரசம் கேட்ட அன்று காலையில் அத்தை தண்ணீர்க் குடத்தோடு வாசலில் விழுந்தாள். மறுநாள் மருந்து கொடுக்க வந்த கம்பவுண்டர் அவள் கண்ணின் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். கையைத் தூக்கிப் பிடித்தார், ஒற்றைக் காப்பு முழங்கை வரை சரிந்து ஓடியது.

"வாத்தியாரய்யா, இந்தப் பிள்ளையளுக்கு வந்த அதே காய்ச்சல்தான் இவுகளுக்கும். ஆனா அதை எதுத்து நிக்க உடம்புக்குள்ள தெம்பு ஒண்ணும் மிச்சமில்லியே. இவுக வயிறாரத் தின்னு, கண்ணசந்து எத்தன நாளாவுது?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். அன்று முதல் வேளைக்கு வேளை இரண்டு கைகளையும் சேர்த்து அள்ளிக் கலயத்தில் போட்டேன். நான்கு நாள் அப்படிப் போட்டேன். ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை மதியம், அத்தை போய்விட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பழைய அத்தை திரும்பி வந்து உறங்குகிறாள் என்று நான் சந்தோஷப்பட்டேன். அம்மா அழத் தொடங்கிய பிறகே எனக்கு விளங்கிற்று.

வீட்டில் காய்ச்சல் புகுந்த நாளிலிருந்து கலயம் கோயிலுக்குப் போகவே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்படும்போது அப்பா வழக்கம்போல ஒரு கையால் கலயத்தைத் தூக்கினார். அது எழும்பவில்லை. மூடியைத் திறந்தார்.

"இம்புட்டும் யாரு போட்டா?"

"நாந்தாம்ப்பா. தம்பிகளுக்கும் அம்மாவுக்கும் ஆளுக்கு ஒரு பிடி. அத்தைக்கு மட்டும் ரெண்டு கையாலயும் போட்டேன்."

அப்பா வெள்ளை வேட்டியோடு அடுக்களைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கலயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை இழுத்து, எலும்பு நோக, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவர் அப்படி அணைப்பவர் அல்ல. என் பக்தியை மெச்சுகிறார் என்று எனக்கு ஒரே பெருமை.

அடுத்த வாரம் இன்னும் கூடப் போடுகிறேன் என்று அவர் காதில் சொன்னேன்.