அம்புக்கு எவ்வளவு பாரம்

அற்புதமலர் ஓரிடத்தில் இருக்கமாட்டாள் என்பது இத்தாலியின் பலெர்மோ நகரில் அவளை அறிந்த எல்லோருக்கும் தெரியும். மாதா கோவிலுக்குப் பூசைக்கு வந்தால் கடைசி வாங்குக்கும் பின்னால், கதவோரம் நிற்பாள். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மன்னார் பேசாலையில் பிறந்தவள். இருபது வயதுகளின் தொடக்கத்தில் இங்கே வந்தபின் அல்பெர்கேரியாவில் ஒரு வீடு, வுச்சீரியாவுக்குப் பின்பக்கம் ஒரு வீடு, சீசாவில் இரண்டு என்று மாறிக்கொண்டே இருந்தாள். ஒரு வீட்டில் வெயில் இல்லை, இன்னொன்றில் மேல்மாடிக்காரரின் நாய். குறை ஏதும் கிடைக்காத வீட்டிலும் ஒரு வருடத்துக்குள் குறை கண்டுபிடித்துவிடுவாள்.

அவள் கணவன் ஸ்ரீபன் நேர் எதிர். பெரிய மாடிக் கட்டிடம் ஒன்றில் வாசல் காவலாளி. கண்ணாடிக் கூண்டுக்குள் கதிரையில் இருந்தானென்றால், ஆள் இருக்கிறானா என்று எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மலருக்கு இரண்டு வீடுகளில் வேலை. அத்தோடு கிழமையில் இரண்டு நாள் ஒரு வில்வித்தைக் கிளப்பைத் துடைக்கும் வேலையும் இருந்தது. அங்கே பயிற்சி கொடுக்கும் சால்வோ ஒருநாள், துடைப்பத்தைப் பிடித்தபடி வாய் பிளந்து நின்றவளிடம் ஒரு மரவில்லை நீட்டினான். "இழுத்துப் பாருங்கள், சிஞ்ஞோரா." அவள் இழுத்தாள். நாண் கன்னத்தைத் தொட்ட அந்த ஒரு மூச்சு நேரம் அவளுடைய உடம்பில் எதுவும் அசையவில்லை. காலும் அசையவில்லை, தலைக்குள்ளும் எதுவும் ஓடவில்லை. அப்படி ஒரு நிலை தனக்கு வாய்க்கும் என்று நாற்பத்தைந்து வயதுவரை அவளுக்குத் தெரியாது. அன்றைக்குப் பிடித்ததுதான்.

கிளப்பில்தான் தேவெனைச் சந்தித்தாள். மொரீசியஸ்காரன், பூர்வீகம் தமிழ், ஆனால் வாயில் வருவது கிரியோல். ஓர் உணவகத்தில் சமையல். இருவருக்கும் பொதுவாக இருந்தது இத்தாலியன்தான், கதையெல்லாம் அதிலேயே நடந்தது. தேவென் குளிர்காலத்தில் மலைக்குப் போய் வில்லால் காட்டுப்பன்றி வேட்டையாடுகிறவன். குறிகாட்டியும் கப்பியும் இல்லாத பழைய வகை வில். கண்ணும் கையும் பழகிய பழக்கத்தில்தான் அம்பு போக வேண்டும். மலர் அவனோடு சேர்ந்துகொண்டாள். வேட்டை அனுமதிக்கான பரீட்சைக்குப் பஸ்ஸில் நின்றபடியே படித்தாள். முதல் தரம் தவறி, இரண்டாம் தரம் சித்தியடைந்தாள்.

கோவிலில் பெண்கள் ஒரு மாதிரியாகச் சிரித்தார்கள். குகனேஸ்வரி மட்டும் நேரே கேட்டாள்: "பண்டி சுட்டா எங்களுக்கும் ஒரு கிலோ தருவீரோ?"

"சுடுறேல்லை, எய்யிறது," என்றாள் மலர். "ஓம், தருவன்."

நவம்பரில் அது நடந்தது. ஃபிகூஸா காட்டுக்கும் அப்பால், தனியார் வேட்டை நிலம் ஒன்றில், ஓக் மரங்களுக்கு நடுவே தேவெனும் அவளும் சற்றுத் தள்ளித் தள்ளிப் பதுங்கியிருந்தார்கள். பின்னேரம் ஒரு பன்றி வந்தது. மலர் எய்தாள். அம்பு தோளில் பட்டது, பட்ட சத்தமும் கேட்டது. ஆனால் உள்ளே இறங்கவில்லை. தண்டில் பாதிக்கு மேல் வெளியே துருத்திக்கொண்டிருக்க, பன்றி சரிவில் இறங்கி ஓடியது.

தேவென் கையை உயர்த்தி, நில் என்று காட்டினான். அடிபட்ட விலங்கைக் குறைந்தது அரை மணி நேரம் சும்மா விட வேண்டும். யாரும் துரத்தாவிட்டால் அது கிட்டத்திலேயே படுக்கும், படுத்த இடத்திலேயே முடியும். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு மலர் சரியாகவே விடை எழுதியிருந்தாள். இப்போது அவள் கால்கள் ஏற்கனவே சரிவில் இறங்கிவிட்டன. கொஞ்சத் தூரத்தில் புதருக்குள் ஏதோ எழுந்து முறித்துக்கொண்டு ஓடும் சத்தம். போய்ப் பார்த்தால் புல் வட்டமாக நசுங்கிக் கிடந்தது. தொட்டால் இன்னும் சூடு இருந்தது. இரத்தமும் இருந்தது. அதற்கப்பால் ஒரு முறிந்த அம்புத் துண்டு கிடந்தது, வேறொன்றும் இல்லை. அடுத்த நாள் மோப்ப நாயோடு ஒருவர் வந்து தேடியும் பன்றி அகப்படவில்லை.

நசுங்கிய புல்லைப் பற்றி மலர் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

சால்வோ அந்த அம்புத் துண்டை உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் தூக்கிப் பார்த்தான். "லேசு," என்றான். "பன்றித் தோளுக்கு இது மிகவும் லேசு."

அந்தச் சொல்லைக் கேட்டதும் மலருக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகிவிட்டது. லேசான அம்பு, அதுதான் காரணம்! அப்படியென்றால் சரிசெய்துவிடலாம்.

சரிசெய்யத் தொடங்கினாள். அம்பின் எடையை அங்கே கிராணி என்ற அளவில் சொல்லுவார்கள். பதினைந்து கிராணி ஏறத்தாழ ஒரு கிராம். அவள் அம்பு நானூறு கிராணி. பல்லாரோ சந்தையில் நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற குட்டித் தராசு ஒன்றை வாங்கி வந்தாள். முனைக்குப் பின்னால் செருகும் பித்தளைத் துண்டுகளும், பாரமான அகல முனைகளும் வாங்கினாள். நானூற்றைம்பது ஆக்கினாள். ஐந்நூறு ஆக்கினாள். சாப்பாட்டு மேசையில் சோற்றுப் பானைக்கு இடமில்லாமல் போயிற்று.

"இது எத்தினையாவது தரம் கழட்டிப் பூட்டுறீர்?" என்றான் ஸ்ரீபன்.

"இது கடைசி."

"நேற்றும் கடைசி எண்டனீர்."

"நேற்று அது வலப்பக்கம் ஓடினது. முனையிலை பாரம் கூடினால் தண்டு வளையுது. நீங்கள் சாப்பிடுங்கோ."

"எங்கை வைச்சுச் சாப்பிடுறது?"

லேசான அம்பு வேகமாகப் போகும், நேராகப் போகும். தூரத்தைக் கொஞ்சம் பிழையாகக் கணித்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் எலும்பில் பட்டால் சோர்ந்துவிடும். பாரமான அம்பு மெதுவாகப் போகும், வில்லும் அவ்வளவு சத்தம் போடாது, பட்டால் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் தூரம் தப்பினால் ஒரு சாண் கீழே விழுந்து, பன்றியின் காலுக்கடியில் மண்ணைத்தான் குத்தும். மலர் ஒரு நாள் வேகத்தை நினைத்துப் பயந்தாள், மறுநாள் எலும்பை நினைத்துப் பயந்தாள். அறுநூற்றிருபது வரை ஏற்றினாள். கிளப்பில் எய்தபோது அம்பு குடம் தூக்கிய பெண்ணைப்போல் அசைந்து அசைந்து போய் விழுந்தது. திரும்ப ஐந்நூறுக்கு இறக்கினாள். வேலைசெய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவின் தலையணை உறையை அயர்ன் பண்ணும்போது நினைவு அம்பில் இருந்ததால், உறையில் அயர்ன் பெட்டியின் உருவம் அப்படியே பதிந்தது.

"மலர், ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்," என்றான் தேவென். "கண் ஓர் அம்புக்குப் பழகுவதற்குள் நீ அம்பை மாற்றுகிறாய். பிறகு கண்ணுக்கு என்ன தெரியும்?"

"உன்னுடையது எவ்வளவு?"

"எனக்குத் தெரியாது. சால்வோ செய்து தந்தான், எய்கிறேன்."

அந்தப் பதில் அவளுக்குக் கோபத்தையே வரவழைத்தது. கடைசியில் ஐந்நூற்றறுபதில் வந்து நின்றாள். நின்றாள் என்றும் சொல்ல முடியாது. பழைய நானூறு கிராணி அம்புகள் இரண்டையும் அம்புக்கூட்டில் வைத்துக்கொண்டாள், எதற்கும் இருக்கட்டும் என்று.

ஜனவரி முடிந்தால் வேட்டைக் காலம் முடிந்துவிடும். கடைசிச் சனிக்கிழமை தேவெனுக்கு உணவகத்தில் ஒரு கலியாண வேலை வந்துவிட்டது. மலருக்குக் கார் ஓட்டத் தெரியாது. காலையிலிருந்து வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்தவளைப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்ரீபன், தானாகவே கார்த் திறப்பை எடுத்தான்.

"வாரும். நான் கொண்டுபோய் விடுறன். ஆனால் பண்டியைத் தொடமாட்டன்."

வேட்டை நிலத்துக் காவலாளி காட்டிய இடத்தில், வெட்டிய கிளைகளால் மறைப்புக் கட்டியிருந்தது. காற்று முகத்தில் அடித்தது, அது நல்லது. ஸ்ரீபன் ஒரு கல்லில் இருந்தான். இருந்தவன் இருந்தவன்தான். மலர் வில்லை மடியில் வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள். அம்புக்கூட்டைத் திறந்து பார்த்தாள். நாணை விரலால் தடவினாள். சப்பாத்து நாடாவை அவிழ்த்துக் கட்டினாள்.

"மலர்."

"என்ன?"

"அங்கை."

அவன்தான் முதலில் கண்டான். ஓக் மரத்தடியில், இளம் ஆண்பன்றி ஒன்று தனியாக மூக்கால் இலைகளைக் கிளறிக்கொண்டிருந்தது. மலரின் கை அம்புக்கூட்டுக்குப் போய் நடுவில் நின்றது. பதினைந்து மீட்டரா, கூடுதலா? கூடுதல் என்றால் லேசான அம்பு. பன்றி கொஞ்சம் திரும்பினால் தோள் எலும்பு, அப்போது பாரமானது. விரல்கள் ஒன்றைத் தொட்டு மற்றதற்குப் போய்த் திரும்பி வந்தன.

"எதை எடுக்கிறது?" என்று மூச்சால் கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? அது போகப்போகுது."

அவள் ஐந்நூற்றறுபதை எடுத்தாள். பன்றி முன்கால் ஒன்றை முன்னே வைத்து விலாவைக் காட்டியது. இழுத்தாள். எல்லாம் அடங்கியது. விட்டாள்.

வில் சத்தமே போடாததுபோல் இருந்தது. பன்றி ஒரு துள்ளுத் துள்ளிப் புதர்களுக்குள் பாய்ந்தது. அது நின்ற இடத்துக்கு அப்பால், மண்ணில் அம்பு சாய்வாகக் குத்தி நின்றது. பன்றியின் ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் வந்திருந்தது.

மலர் எழுந்துவிட்டாள். ஒரு கால் மறைப்புக்கு வெளியே போய்விட்டது. ஸ்ரீபன் அவளுடைய ஜாக்கெட்டின் நுனியைப் பிடித்தான்.

"எங்கை போறீர்? அரை மணித்தியாலம் இருக்கவேணும் எண்டு நீர்தானே வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தனீர்."

"விடுங்கோ. ஒருக்கா அம்பை மட்டும் பாத்திட்டு வாறன்."

"இரும்."

இருந்தாள். அந்த அரை மணிநேரம் அவள் வாழ்க்கையில் இருந்த எந்த நேரத்தையும்விட நீளமாக இருந்தது. காடு பேசாமல் இருந்தது. ஒரு குருவி கத்தினால் அவளுக்குப் பன்றி எழும்பும் சத்தமாகக் கேட்டது. எழுந்தாள், ஸ்ரீபன் பார்த்தான், இருந்தாள். கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்து அமத்தினாள். அப்படி இருக்கும்போது நவம்பர் மாதத்துப் புல் அவள் கண்ணுக்குள் வந்தது. உள்ளங்கையில் அந்தச் சூடும் வந்தது.

"அண்டைக்கு அந்தப் பண்டி படுத்தது," என்றாள்.

"எந்தப் பண்டி?"

"முதல் பண்டி. கிட்டடியிலைதான் படுத்தது. நான் ஓடிப்போய் எழுப்பிப்போட்டன். படுத்த இடத்தைக் கண்டனான். தொட்டும் பாத்தனான். சும்மா இருந்திருந்தா அது அதிலேயே செத்திருக்கும். எங்கை போய் எத்தினை நாள் கிடந்து செத்துதோ."

ஸ்ரீபன் அவள் பக்கம் திரும்பினான். "ஏன் அப்ப சொல்லேல்லை?"

"சால்வோ அம்பு லேசு எண்டான். அது எனக்கு நல்லாயிருந்தது."

"அம்பு லேசுதானே?"

"அதுவும்தான்," என்று சொல்லி மலர் மூக்கைச் சிந்தினாள்.

அவன் பிளாஸ்கைத் திறந்து மூடிக்குள் தேநீர் ஊற்றினான். "குடியும். இன்னும் நேரமிருக்கு." அவள் குடித்தாள். சுட்டது. சுட்டதையும் பொறுத்துக்கொண்டு குடித்தாள், செய்வதற்கு வேறொன்றும் இல்லாதபடியால்.

நேரம் முடிந்ததும் இருவரும் போனார்கள். அம்பில் நுரை கலந்த சிவப்பு. நுரையீரலில் பட்டிருக்கிறது. இலைகளில் இரத்தம் தாராளமாகச் சிந்தியிருந்தது, ஸ்ரீபனுக்கே தெரிந்தது. கூப்பிடு தூரம்கூட இல்லை, ஒரு புதரின் அடியில் பன்றி பக்கவாட்டில் கிடந்தது. ஓடிய ஓட்டத்திலேயே விழுந்து, எழும்ப முயலாமல் கிடந்தது. மலர் குனிந்து அதன் மயிரில் கை வைத்தாள். சிலுவை போட்டாள். பிறகு உடனே எழுந்து நிலத்துக் காவலாளியை அழைக்கப் போனாள். தொடமாட்டேன் என்ற ஸ்ரீபன்தான் பின்கால்களைப் பிடித்துப் பாதைவரை இழுத்தான். அவனுடைய ஒரே நல்ல சப்பாத்து அன்றோடு போயிற்று.

சட்டப்படி இறைச்சியைச் சோதித்து முடித்துக் கையில் கிடைத்தபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை சீசா வீட்டில் கறி கொதித்தது. யாழ்ப்பாணத் தூள் போட்டு, புளிப்புக்கு வினாகிரி விட்டு, இறுக்கி வற்றவைத்த பன்றிக்கறி. குகனேஸ்வரி ஒரு கிலோவுக்கு மேலேயே வாங்கிக்கொண்டு போனாள். தேவெனும் அவன் மனைவி யோகினியும் சாப்பிட வந்தார்கள். தேவென் எலும்பைக் கடித்தபடி கேட்டான்: "கடைசியில் எவ்வளவு பாரம்?"

"ஐந்நூற்றறுபது." மலர் அகப்பையை வைத்துவிட்டு, "தேவென், நவம்பர் மாதத்துப் பன்றி..." என்று தொடங்கினாள். இத்தாலியனில் சொல்வது தமிழில் சொன்னதைவிடச் சுலபமாக இருந்தது. புல், சூடு, ஓடிய சத்தம், எல்லாவற்றையும் சொன்னாள்.

தேவென் எலும்பைத் தட்டில் வைத்தான். "தெரியும். உனக்குப் பின்னால் வந்தது நான்தானே. நானும் அந்தப் புல்லைப் பார்த்தேன்."

"தெரிந்துமா சொல்லாமல் இருந்தாய்?"

"சொல்லத்தான் நினைத்தேன். அடுத்த கிழமை பார்த்தால் நீ தராசு வாங்கிவிட்டாய்." அவன் தோளைக் குலுக்கினான். "பிறகு எப்படிச் சொல்வது?"

மலருக்கு முகம் சுட்டது. கோபமா, வெட்கமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. யோகினி கீழே பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தாள். ஸ்ரீபன் இன்னொரு கரண்டி கறியைத் தேவெனுக்குப் போட்டான். மலர் எழுந்து, இன்னும் யாரும் சாப்பிட்டு முடிக்காத மேசையிலிருந்து தட்டுகளை எடுத்துக் கழுவத் தொடங்கினாள்.