முல்லைச்சரமும் கருமேகமும்

மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டில் பானுமதியின் குரல் தெரியாதவர்கள் கிடையாது. மரவள்ளிக் காட்டின் மேல்முனையில் நின்று அவள் புருஷனைக் கூப்பிட்டால், பள்ளத்து வயலில் நிற்கும் ராசுவுக்கு முன்னால் எதிர்மேட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அரியூர் நாட்டில் பிறந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். காட்டு வேலை, மிளகுக் கொடி, இரண்டு பெண்பிள்ளைகள் என்று போய்க்கொண்டிருந்த அவள் வாழ்க்கைக்குள் கச்சேரி நுழைந்தது ஒரு கல்யாணத்தில்.

அந்தக் கல்யாணத்துக்குச் சேந்தமங்கலத்திலிருந்து முல்லைச்சரம் இசைக்குழு வந்திருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் குழுவின் பாடகிக்குத் தலைசுற்றி, மேலே வந்து சேர்ந்தும் வேனை விட்டு இறங்க முடியாமல் படுத்துவிட்டார். பெண்குரல் இல்லாமல் என்ன செய்வது என்று எல்லோரும் விழித்துக்கொண்டிருந்தபோது, பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த பானுமதியை யாரோ மேடைப் பக்கம் தள்ளிவிட்டார்கள். மைக்குக்குப் பயந்து அவள் எட்டவே நின்று பாடினாள். குழுவை நடத்திய அர்த்தனாரி, ஸ்பீக்கரில் குரல் வராததால் மைக் எடுக்கவில்லை என்று நினைத்து மைக்செட்காரரைத் திட்டினார். மைக் நன்றாகத்தான் இருந்தது. அது இல்லாமலே குரல் பந்தலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அன்றிலிருந்து முல்லைச்சரத்தின் பாடகி பானுமதிதான். கச்சேரி இருக்கும் நாளில் பஸ் பிடித்துக் கீழே இறங்குவாள். மறுநாள் காலை காட்டில் களை எடுத்துக்கொண்டிருப்பாள்.

அர்த்தனாரி அடிவாரத்து விவசாயி. சொந்தக் காட்டில் நிலக்கடலை போடுவார். மற்ற நேரமெல்லாம் அக்கார்டியன். அவருக்கு ஒரே சட்டம்தான். சினிமாப் பாட்டு ரெக்கார்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே மேடையில் வரவேண்டும். புல்லாங்குழல் ஒரு இழை நீண்டாலும் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். அந்தக் கண்டிப்புக்குப் பலன் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மேடையில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றே தெரியாது. துறையூர் வரைக்கும் எந்தத் திருவிழாவிலும் இருபது வருஷமாக முல்லைச்சரம்தான் முதல் பேச்சு.

அந்தக் குழுவில் லீட் கிட்டார் வாசித்தவன் பிரேம். நாமக்கல் பையன். கல்லூரியைப் பாதியில் விட்டு வந்து சேர்ந்து, பத்து வருஷத்துக்கு மேல் அர்த்தனாரி சொன்னதைச் சொன்னபடி வாசித்தவன். ஒத்திகையில் டீ குடிக்கும் இடைவேளையில் மட்டும் அவன் விரல்கள் எங்கெங்கோ போகும். மற்றவர்கள் டீயைப் பார்ப்பார்கள். பானுமதி அவன் விரல்களைப் பார்ப்பாள். 1997 தீபாவளி முடிந்த சமயம், தானே கட்டிய ஒரு பாட்டைக் கச்சேரியில் வாசிக்க இடம் கேட்டான். கூட்டம் தெரிந்த பாட்டைக் கேட்கத்தான் வருகிறது, உன் பாட்டு யாருக்குத் தெரியும் என்று அர்த்தனாரி கேட்டார். பிரேம் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனான்.

சில மாதங்களில் நாமக்கல் சுவர்களில் போஸ்டர் வந்துவிட்டது. ‘கருமேகம்’. கறுப்புச் சட்டை போட்ட நாலு பேர், இரண்டு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ். எல்லாம் சொந்தப் பாட்டு. பாடுவது இரண்டாவது கிட்டார்க்காரர். அதற்குப் பிறகு அர்த்தனாரி பிரேமின் பெயரைச் சொல்வதில்லை; ‘அந்தப் பையன்’ என்பதோடு சரி.

மலையில் இது பெரிய பேச்சாகிவிட்டது. ராசு கருமேகம் கட்சி. ஒரு பாட்டும் கேட்காமலே சேர்ந்த கட்சி. டீக்கடையில் அவனுக்கும் முல்லைச்சரம் கட்சிக்காரர்களுக்கும் தினமும் வாக்குவாதம். பானுமதியிடம் நியாயம் கேட்டார்கள். கேட்காத பாட்டுக்கு நான் எப்படித் தீர்ப்புச் சொல்வது என்று ஒதுங்கிக்கொண்டாள். ஆனால் அவளுக்கும் உள்ளுக்குள் ஆவல் இருந்தது.

1999 காணும் பொங்கலுக்கு மலையடிவாரத்துப் புளியஞ்சோலையில் கருமேகம் வாசிக்கப்போவதாகச் சேதி வந்தது. பகல் கச்சேரி. பானுமதியும் ராசுவும் விடிந்ததும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு காட்டுத்தடத்தில் நடந்தே இறங்கினார்கள். ஆற்றங்கரையில் துறையூர்ப் பக்கத்து ஜனமெல்லாம் திரண்டிருந்தது. பிரேம் முதல் கம்பியைத் தட்டியதும் பானுமதிக்குப் புல்லரித்துவிட்டது. டீ இடைவேளையில் துண்டு துண்டாகக் கேட்டதெல்லாம் இங்கே ஒன்றுசேர்ந்து முழு உருவத்தில் நின்றது. இத்தனையையும் உள்ளே அடக்கிக்கொண்டு எப்படி ஒரு ஆள் பத்து வருஷம் உட்கார்ந்திருந்தான் என்று நினைத்துக்கொண்டாள். ராசு தலைத்துண்டை அவிழ்த்துச் சுற்றிக்கொண்டு பையன்களோடு ஆடினான். ஆனால் வயதானவர்கள் மூன்றாம் பாட்டிலேயே எழுந்து ஆற்றுப் பக்கம் போய்விட்டதையும் அவள் கவனித்தாள். ஏன் என்றும் அவளுக்குத் தெரிந்தது.

கச்சேரி முடிந்ததும் பிரேம் கூட்டத்தில் அவளைக் கண்டுபிடித்து ஓடிவந்தான். வியர்வையைக்கூடத் துடைக்கவில்லை.

“எப்பிடி இருந்துச்சுங்க அக்கா?”

“கிட்டாரு அதுக்கு வேணுங்கிற எடத்துக்கு வந்து சேந்துருச்சு சாமி. அதுல ஒரு கொறையுமில்ல. ஆனா உங்க பாட்டுக்காரரு பல்லக் கடிச்சுக்கிட்டுப் பாடறாரு. ஒத்த வார்த்தகூட எனக்குப் புரியலீங்க. சொந்தப் பாட்டுன்னா, நீங்க என்ன சொல்றீங்கன்னு நாங்க தெரிஞ்சுக்க வேண்டாமுங்களா?”

பிரேமின் முகம் சுண்டிப்போனது. அர்த்தனாரி மாஸ்டர் சௌக்கியமா என்று மட்டும் கேட்டான்.

மறுவாரம் ஒத்திகைக்குப் போனபோது பானுமதி எதையும் மறைக்கவில்லை. அர்த்தனாரி வீட்டு மாடியில், எல்லோரும் இருக்கும்போதே, புளியஞ்சோலைக்குப் போய்வந்தேன் என்றாள். அர்த்தனாரி அக்கார்டியனை மடியிலிருந்து இறக்காமல், “என்னத்தக் கண்ட?” என்றார்.

“நாம பாடினா வார்த்தை ஒவ்வொண்ணும் கடைசி ஆள் வரைக்கும் போவுதுங்க அண்ணா. கொழந்தையிலிருந்து கெழவன் வரைக்கும் ஒக்காந்து கேக்கறாங்க. அது அவங்களுக்கு இன்னும் வரலீங்க. ஆனா நம்மகிட்ட இருக்கறதெல்லாம் அடுத்தவங்க பாட்டுங்க. அவங்ககிட்ட இருக்கறது அவங்களோடதுங்க. அதக் கேக்கறப்ப ஒடம்பு சிலுக்குதுங்க.”

அன்றைக்கு ஒத்திகை நடக்கவில்லை. அடுத்து வந்த கச்சேரிகளுக்கு அவளுக்குச் சேதியும் வரவில்லை. ராசிபுரத்திலிருந்து வேறொரு பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று ராசு சொன்னான். இரண்டு பேருக்கும் உள்ளதைத்தானே சொன்னேன் என்றாள். வருத்தம் இல்லாமல் இல்லை. மிளகு பறிப்புக் காலம் அது. ஏணியில் ஏறி நின்று கொத்துக் கொத்தாகப் பறித்துக்கொண்டே, பாட மேடை இல்லாத குறைக்குத் தானாக ஏதோ ஒன்றை முணுமுணுத்தாள். அது நாளுக்கு நாள் வளர்ந்தது.

சித்திரையில் ஒரு காலை, பஸ்ஸை விட்டு இறங்கி அர்த்தனாரி வந்தார். தோட்டத்து ஓரத்தில் கிடந்த கல்லில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடித்து, நேராக விஷயத்துக்கு வந்தார்.

“நாமக்கல்ல அந்தப் பையன் கச்சேரிக்குப் போனேன். ரெண்டு பாட்டுக் கேட்டுட்டு எந்திரிச்சு வந்தரலாம்னுதான் போனேன். முடியற வரைக்கும் நின்னேன், கண்ணு. வார்த்தையெல்லாம் தெளிவா வந்துச்சு. நீ சொன்னதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.”

பானுமதிக்குச் சிரிப்பு வந்தது. புளியஞ்சோலையில் முகம் சுண்டிப்போனவன் வீட்டுக்குப் போய்ச் சும்மா இருக்கவில்லை என்று தெரிந்தது. அர்த்தனாரி அடுத்துச் சொன்னதுதான் அவள் எதிர்பாராதது. முல்லைச்சரத்துக்கும் சொந்தமாக ஒரு பாட்டு வேண்டும் என்றார். தன்னால் கட்ட முடியாது, உட்கார்ந்து பார்த்தேன், எதைத் தொட்டாலும் ஏதோ ஒரு ரெக்கார்டில் போய் முடிகிறது என்றார்.

அவள் ஏணியடியில் நின்றபடியே முணுமுணுத்துக்கொண்டிருந்ததைப் பாடிக்காட்டினாள். ‘மொளகுக் கொடி மேல ஏறுது, மேகம் கீழ எறங்குது, நடுவுல நிக்கிறனே நானு’ என்று தொடங்கும். அர்த்தனாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். மறுபடியும் பாடச் சொன்னார். பாட்டு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறியது. அவர் கண்ணாடியைத் தேடவில்லை.

அடுத்த வருஷம், 2000 ஆடியில், வாழவந்தி நாட்டுத் திருவிழாவுக்கு எந்தக் குழுவை அழைப்பது என்று ஊர் இரண்டுபட்டது. விழாவை முன்னின்று நடத்திய காளியண்ணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இரண்டையும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார். பனி இறங்குவதற்குள் வேன்கள் வளைவுகளைத் தாண்ட வேண்டும் என்பதால் மத்தியானமே கச்சேரி. கடைசியாக வாசிப்பவர்களுக்குத்தான் மரியாதை அதிகம். அதைக் கருமேகத்துக்குக் கொடுப்பதா என்று முல்லைச்சரத்து ஆட்களே முறைத்தார்கள். அர்த்தனாரி அதைப் பெரிதுபண்ணவில்லை. நாங்கள் முதலில் வாசித்து முடித்துவிடுகிறோம், பிறகு நான் உட்கார்ந்து அவர்களைக் கேட்க வேண்டும் என்றார்.

முல்லைச்சரம் எப்போதும்போல் கூட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. பழக்கமான பாட்டுகள், சுத்தமான சுருதி, ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுத்து வாசிக்கும் அழகு. இருபது வருஷத்துக்கு மேல் ஒன்றாக இருந்தவர்களுக்குத்தான் அது வரும். நடுவில் பானுமதி மிளகுப் பாட்டை எடுத்தாள். தெரியாத பாட்டு, ஆனாலும் இரண்டாம் அடியில் பெண்கள் கூடவே பாடத் தொடங்கிவிட்டார்கள். மேடைக்குப் பக்கத்தில் நின்ற பிரேம் கைகட்டிக்கொண்டு கேட்டான்.

பிறகு கருமேகம் ஏறியது. முன்வரிசையில் அர்த்தனாரியும் அவர் பக்கத்தில் பானுமதியும். கருமேகத்தின் வாசிப்பில் இன்னும் சொரசொரப்பு இருந்தது. ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் தடுமாற்றம் இருந்தது. ஆனால் அடுத்து என்ன வரும் என்று யாருக்கும் தெரியாத ஒரு துடிப்பும் இருந்தது. அது முல்லைச்சரத்தில் ஒருநாளும் கிடையாது. பாட்டுக்காரர் வாயைத் திறந்து பாடினார். இந்தத் தடவை வயதானவர்கள் எழுந்து போகவில்லை. காதைப் பொத்திக்கொண்டாவது உட்கார்ந்திருந்தார்கள்.

முடிந்ததும் பிரேம் இறங்கி வந்து அர்த்தனாரி முன்னால் நின்றான். இரண்டு பேரும் கடைசியாகப் பேசி மூன்று வருஷம் ஆகப்போகிறது.

“நாலாவது பாட்டுல சுருதி கொஞ்சம் எறங்குச்சு. பாத்துக்க,” என்றார் அர்த்தனாரி.

“ஆமாங்க மாஸ்டர். எனக்கும் தெரிஞ்சுது.”

அவ்வளவுதான். இரண்டு பேரும் சேர்ந்தே டீ குடிக்கப் போனார்கள்.

போகும்முன் பிரேம் பானுமதியைத் தன் குழுவுக்கு அழைத்தான். அக்கா குரல் கிடைத்தால் கருமேகம் எங்கேயோ போய்விடும் என்று அர்த்தனாரி முன்னாலேயே சொன்னான். அவரும் தடுக்கவில்லை, உன் இஷ்டம் என்றார். பானுமதி யோசிக்கவே இல்லை.

“வேண்டாமுங்க சாமி. பாட எனக்கு இவங்க போதும். உங்களக் கீழ ஒக்காந்து கேக்கறதுதான் எனக்குப் புடிச்சிருக்குது.”

கருமேகம் பின்னால் கோயம்புத்தூருக்குப் போய் ஒரு கேசட்டும் போட்டது. அதில் அவளிடம் கேட்டு வாங்கிப் போட்ட மிளகுப் பாட்டும் உண்டு, இரண்டு மடங்கு வேகத்தில். முல்லைச்சரம் அடிவாரத்துத் திருவிழாக்களில் தொடர்ந்து வாசித்தது. ஒவ்வொரு வருஷமும் பானுமதி கட்டிய புதுப்பாட்டு ஒன்றாவது அதில் இருந்தது. அர்த்தனாரி அதற்கென்று தனியாக அக்கார்டியன் துண்டுகள் செய்துகொண்டார். ஒத்திகைக்கு ஒத்திகை அவற்றை மாற்றினார்.

ராசு மட்டும் கட்சி மாறவில்லை. மரவள்ளி ஏற்றவந்த லாரி டிரைவர் ஒருவர், அந்தக் கேசட்டைப் போட்டுவிட்டு, மிளகுப் பாட்டைக் கெடுத்துவிட்டார்களே என்று பானுமதியிடம் குறைப்பட்டபோது, ராசு சண்டைக்கே போய்விட்டான். அவள் மூட்டையை லாரிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், கேட்போம் என்றாள்.