இரும்பு அறைக்குள் அப்பாவும் நானும்

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் ஏற்றி வந்த டிராக்டர் என் வலது பாதத்தில் ஏறியது. ஓட்டியவர் மேல் குற்றமில்லை. மழையில் நனைந்த மண் ரோடு. வண்டி சறுக்கியது, நான் ஓரத்தில் நின்றேன். அவ்வளவுதான்.

டவுன் ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்துக் கட்டினார்கள். சதைதான் சேரவில்லை. பாதம் கத்திரிக்காய் நிறத்துக்குப் போனது. சீன டாக்டர் குச்சியால் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். தொட்டதே எனக்குத் தெரியவில்லை. அப்பாவை வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் பேசினார். திரும்பி வந்த அப்பா என் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்தார். கணுக்காலோடு எடுக்க வேண்டி வரும் என்று எனக்குச் சொன்னது பக்கத்துக் கட்டில் அக்காதான்.

டாக்டர் ஒரு வழியும் சொல்லியிருந்தார். கடற்கரைப் பக்கம் ஒரு கடற்படை முகாமில், கடலுக்கடியில் வேலை செய்கிறவர்களுக்காக ஓர் இரும்பு அறை இருக்கிறது. அதற்குள் உட்கார வைத்து, காற்றை அடைத்து அழுத்தம் ஏற்றுவார்கள். முகமூடி வழியாகச் சுத்தமான ஆக்சிஜன் கொடுப்பார்கள். சாகிற சதை பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். நாள் கடத்தினால் பிறகு கத்திதான். டாக்டரே பேசி இடம் கேட்டு வைத்திருந்தார்.

மாமா பார்க்க வந்தார். கட்டிலில் உட்கார்ந்து, “ஒன்னைய டின்னுல வெச்சு மூடப் போறாங்க லா, மத்தி மீனு மாதிரி. தொறக்குற சாவிய மட்டும் தொலைக்காம இருக்கணும்” என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். தோட்டத்துக் கடை மத்தி டின்னை நான் பார்த்திருக்கிறேன். அதில் எந்த மீனுக்கும் தலை இருக்காது.

அப்பா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார். கால் தேறினால் கோயிலைச் சுற்றி உருளுவதாக நேர்த்தி. தேறின பிறகுதான் எல்லாரும் உருளுவார்கள். அப்பா சாமியைக் காக்க வைக்கிற ஆள் இல்லை. முகாமுக்குப் போவதற்கு முந்தின நாள் விடியற்காலையில், மழையோடு மழையாக, ஈர வேட்டியோடு உருண்டு முடித்துவிட்டார். மறுநாள் ஆஸ்பத்திரி வண்டியில் போகும்போது வழியெல்லாம் தும்மினார். அம்மனுக்கு அது தெரிந்திருக்கும்.

அம்மாவும் தன் பங்குக்கு ஒன்று செய்திருந்தாள். பிள்ளையை வெளியூர் கூட்டிப் போகிறோமே என்று தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்து, இறுக்கிப் பின்னிவிட்டிருந்தாள். முகாமில் இருந்த மலாய்க்காரச் சிப்பாய் என் பக்கத்தில் வந்ததும் மூக்கைச் சுருக்கினார். எண்ணெய் கூடவே கூடாதாம். உள்ளே ஆக்சிஜன், ஒரு பொறி போதுமாம். இவ்வளவையும் அவர் கையால் ‘புஸ்’ என்று காட்டினார். அதன் பிறகு எனக்கு மத்தி மீன் பயம் போய் நெருப்புப் பயம் வந்தது.

குழாயடியில் சோப்புப் போட்டு மூன்று தடவை தலையைத் தேய்த்தாள் அம்மா. தாயத்தையும் இடுப்புக் கயிற்றையும் கழற்றச் சொன்னார்கள். “தொணைக்கு இருந்த சாமியவும் வாங்கிட்டாங்களே” என்று அம்மா அழுதாள். அப்பாவின் தீப்பெட்டியும் வெற்றிலைப் பையும் மேசைக்குப் போயின. எங்களுக்கு முரட்டுப் பருத்திச் சட்டை கொடுத்தார்கள்.

சின்னப் பிள்ளையோடு வீட்டு ஆள் ஒருவர் உள்ளே வர வேண்டும். அம்மா வயிற்றில் தம்பி இருந்தான், அதனால் அவளை விடவில்லை. மாமாவுக்கு லீவு இல்லை. மிச்சம் அப்பா. சிப்பாய் மூக்கைத் தொட்டுக் காட்டி, சளி இருக்கிறதா என்று மலாயில் கேட்டார். இருந்தால் உள்ளே போகக் கூடாது, காது தாங்காது. அப்பா என் கையை அழுத்திப் பிடித்தார்.

“தாடா,” என்றார். மலாயில் ‘இல்லை’.

சிப்பாயும் எங்களோடு உள்ளே உட்கார்ந்தார், வெளியே கதவை மூடித் திருகினார்கள். காற்று சீறியது. உள்ளே உலை மாதிரி சூடு ஏறியது. யாரோ என் காதுகளுக்குள் கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல் இருந்தது. சிப்பாய் தொண்டையைக் காட்டி, “தெலான், டேக், தெலான்” என்றார். ‘விழுங்கு பாப்பா’ என்கிறார் என்று புரிந்து எச்சிலை விழுங்கினேன். காதில் ‘டப்’ என்று திறந்தது. அப்பாவும் விழுங்கினார். மூக்கைப் பிடித்து ஊதினார். திரும்பத் திரும்ப ஊதினார். நெற்றியில் வேர்வை கொட்டியது. சிப்பாய் குனிந்து பார்த்தபோது மட்டும் பல்லைக் காட்டிக் கட்டைவிரலைத் தூக்கினார்.

பிறகு முகமூடியை வைத்தார்கள். ரப்பர் வாசம். தோட்டத்துப் பிள்ளைக்கு அது புதிதல்ல. ஆனால் மூச்சை அடைத்துக்கொண்டு அந்த வாசம் வந்தபோது, இனி வெளியே போக மாட்டேன் என்று தோன்றிவிட்டது. முகமூடியைப் பிடுங்கினேன். “அப்பா, தொறக்கச் சொல்லுங்கப்பா!” என்று கத்தினேன். நல்ல காலால் அவரை உதைத்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, உதைத்த காலைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். அது முடிகிற வரை விடவேயில்லை.

அழுத்தத்தை இறக்கும்போது குளிர்ந்தது. அறைக்குள் பனி மாதிரி புகை. கதவு திறந்ததும் அம்மா ஓடி வந்தாள். அப்பா கடைசியாகச் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, வாசலில் வாந்தி எடுத்தார். சட்டையின் தோளில் சிவப்பாக ஒரு சொட்டு. வெற்றிலைச் சாறு என்று நினைத்தேன். சிப்பாய் அவர் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கடுமையாகத் திட்டினார். அப்பா தலை குனிந்து நின்றார். என் கூச்சலுக்குத்தான் அப்பா திட்டு வாங்குகிறார் என்று நினைத்து அம்மாவின் சேலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து மாமா லீவு போட்டு வந்தார். உள்ளே போனதும் மத்தி மீன் பேச்சே எடுக்கவில்லை, என் கையைத்தான் பிடித்துக்கொண்டார். பல நாள் போனோம். இரண்டு விரல் போச்சு, கால் பிழைத்தது. அப்பாவின் இடது காது போனது. அதை அம்மா எனக்குச் சொன்னது எனக்கே பிள்ளை பிறந்த பிறகு.

அந்த முதல் நாள், திரும்புகிற வண்டியில், அப்பா என் படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். அவர் இடது பக்கத்தில் நான்.

“நாளைக்குக் கத்த மாட்டேம்ப்பா,” என்றேன்.

அவர் எதிர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். திரும்பவில்லை. இவ்வளவு கோபம் ஒரு மனிதருக்கு எப்போது ஆறும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.