பதினோராவது கையெழுத்து

எங்கள் ஊர் வழியாக இப்போது சைக்கிள் பாதை ஒன்று போகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இறுக்கமான உடுப்போடு வருகிறவர்கள் ஓரத்தில் இருக்கும் பலகையைப் படிப்பார்கள். "அட, இங்க டிராம் ஓடிச்சாமே" என்பார்கள். தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். தண்டவாளத்தின் அகலம், தொடங்கிய வருடம், மூடிய வருடம் எல்லாம் அந்தப் பலகையில் உண்டு. டிராம் நிறுத்தத்தில் கடை வைத்திருந்த பெண்மணி ஸுல்மாவின் பெயர் இல்லை. எழுதியிருந்தால் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்திருக்கும். அவரைத் துரத்தியவர்கள் நாங்கள்தானே.

நான் நெஸ்டோர். மோன்ஸ் நகரத்துக்கும் எங்கள் பக்கத்துச் சுரங்க ஊர்களுக்கும் நடுவே பதினெட்டு வருடம் டிராம் ஓட்டினேன்.

வழி நெடுக ஒற்றைத் தண்டவாளம். எதிர்வண்டிக்கு ஒதுங்கி நிற்க ஸுல்மாவின் கடை வாசலில் மட்டும் இரட்டைத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். அதனால் நிறுத்தமும் அங்கேதான். காபியும் பியரும் விற்கும் சின்னக் கடை அது. டிராம் கம்பெனியோடு அவருக்கு ஓர் ஒப்பந்தம் இருந்தது. டிராம் அவர் வாசலில் நிற்கும். பதிலுக்கு அவர் பயணிகளுக்கு அடுப்பு மூட்டிய அறை தரவேண்டும், டிராமில் வருகிற போகிற பார்சல்களை வாங்கிவைத்துக் கொடுக்கவேண்டும். சம்பளம் கிடையாது. காத்திருப்பவர்கள் ஒரு கோப்பை வாங்கிக் குடித்தால் அதுதான் பிழைப்பு. இருபத்தாறு வருடத்தில் ஒரு பார்சல்கூடத் தொலைந்ததில்லை. சுரங்கத்திலிருந்து கரிபடிந்த முகத்தோடு வருகிறவர்களை மற்ற கடைகளில் வெளியே நிறுத்துவார்கள். ஸுல்மா அவர்களுக்காக அடுப்புப் பக்கத்திலேயே பெஞ்சு போட்டிருந்தார்.

எதிர்வண்டி வரும்வரை ஐந்து நிமிடம் கிடைக்கும். சன்னல் வழியாக எனக்கு ஒரு கிண்ணம் பால்காபி நீட்டுவார்.

"குடி நெஸ்டோர். மூக்கு பீட்ரூட் மாதிரி ஆயிடுச்சு."

ஐம்பத்தைந்தாம் வருடம் டிராமுக்குப் பதில் பேருந்து விடும் பேச்சு கிளம்பியது. பேருந்து ஊர்ச் சதுக்கம் வழியாகப் போகும், மேயருடைய மச்சான் கடை வாசலில் நிற்கும். ஊரே கையெழுத்துப் போட்டால் கம்பெனி சீக்கிரம் மாற்றிவிடும் என்று மேயர் ஒரு மனு எழுதினார். டிராம் போனால் ஸுல்மாவின் கடையும் போகும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து தேய்த்தவர்கள்தான் முந்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள்.

அவர்களில் ஒருவன், எர்னெஸ்ட் என்ற சுரங்கத் தொழிலாளி, போட்ட கையோடு வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தான்.

"கோவிச்சுக்காதீங்க மதாம். காலம் மாறுதில்ல?"

"காலம் மாறட்டும். உன் பூட்ஸ் மாறலையே, தரையைப் பாரு," என்றார் ஸுல்மா.

நானும் போட்டேன். மழுப்ப விரும்பவில்லை. டிராமை நின்றுகொண்டேதான் ஓட்டவேண்டும், காற்று முழங்காலை அறுக்கும். பேருந்தில் இருக்கை உண்டு, சூடு உண்டு. எப்படியும் மூடத்தான் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழைகள் எப்போதும் சொல்லிக்கொள்வதுதான்.

அந்த மனு கம்பெனி அலுவலகத்துக்கு எப்படிப் போனது தெரியுமா? டிராமில், பார்சலாக. மேயரின் குமாஸ்தா அதை ஸுல்மாவின் மேசையில் வைத்துவிட்டுப் போனான். வெட்கம் கெட்டவன், உறையைக்கூட ஒட்டவில்லை. மறுநாள் காலை ஸுல்மா அதைச் சணல் கயிற்றால் கட்டி என் கையில் கொடுத்தார்.

"நனையாம கொண்டு போ."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காபியை மட்டும் வாங்கிக் குடித்தேன்.

எட்டு மாதம் கழித்து கடைசி டிராம். கொடி கட்டியிருந்தார்கள், பேண்டு வாசித்தார்கள், மேயர் பேசினார். ஸுல்மா வழக்கம்போலக் கிண்ணத்தை நீட்டினார். எனக்கு மனசு பொறுக்கவில்லை.

"மதாம், அந்த மனு உங்க கைலதான இருந்துச்சு. படிச்சீங்களா?"

"ஒட்டாமத்தான வந்துச்சு. படிச்சேன்."

"அடுப்புல போட்டிருக்கலாமே."

"பார்சலையா?" என்று கேட்டார், நான் ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்டதுபோல. பிறகு, "நீ பதினோராவது. கையெழுத்து அழகா இருந்துச்சு. ஆறிடப் போவுது, குடி."

எட்டு மாதம் தினமும் அந்தக் கையிலிருந்து வாங்கிக் குடித்திருக்கிறேன்.

அடுத்த வசந்தத்தில் கடை மூடியது. நாலு கிலோமீட்டர் தள்ளி, செங்கல் சூளைச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கும் வேலை ஸுல்மாவுக்குக் கிடைத்தது. நடந்தே போவார். தினமும் காலையில் நான் ஓட்டும் பேருந்தை அவர் பக்கத்தில் நிறுத்திக் கதவைத் திறப்பேன். வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு நடப்பார். ஒரு ஜனவரியில் பனி கொட்டியது.

"ஏறுங்க மதாம். கெஞ்சிக் கேக்குறேன்."

"கதவைச் சாத்துப்பா, குளிருது," என்று பின்னாலிருந்து எர்னெஸ்ட் கத்தினான்.

ஸுல்மா நின்றார். சன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் அவருடைய அடுப்பில் குளிர் காய்ந்த முகங்கள்.

"சாத்து நெஸ்டோர். அவங்களுக்குக் குளிர் ஆகாது. எனக்குத் தெரியாதா?"

சாத்தினேன். நேரத்துக்குப் போகவேண்டியிருந்தது.