எல்வுட் அகலமாக்கிய பொந்து

எல்வுட் ஸ்ப்ரோலுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதைவிட, அவன் யாரையும் கேட்கவே இல்லை என்பதுதான் சரி. வயிற்றுப்பாட்டுக்காக இளம் வயதில் கரிபூ என்ற குளிர்ப்பிரதேச மேட்டுநிலத்துக்கு மாடு மேய்க்க வந்தவன், அந்த ஏரிக்கரைக் குடிசையிலேயே அறுபதைத் தொட்டுவிட்டான். குளிர்காலத்தில் மாடுகளுக்கு வைக்கோல் போடுவான். மற்ற நேரத்தில் தனக்குத்தானே பேசிக்கொள்வான். பதில் சொல்ல ஆளில்லாத வீட்டில் மனுஷன் வேறு என்னதான் செய்வான்?

ஏப்ரலில் ஏரியின் ஓரத்தில் பனிக்கட்டி உருகி, ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர் தெரிந்தால் போதும். கடலோரத்தில் குளிரைக் கழித்த ஒரு குட்டி ஜாதி வாத்து வந்து இறங்கிவிடும். இலையுதிர்காலத்தில் கொழுகொழுவென்று இருப்பதால் ஊரில் அதற்கு ‘வெண்ணெய் உருண்டை’ என்று பெயர். எல்வுட்டுடையது கன்னத்தில் வெள்ளைத் திட்டு வைத்த பெட்டை. குடிசைக்கு எதிரே நின்ற ஆஸ்பென் மரத்தில், மரங்கொத்தி குடைந்து விட்டுப்போன பொந்துதான் வருடா வருடம் அவளுக்கு வீடு.

“என்ன எல்வுட், வீட்டுக்காரி வந்துட்டாளா?” பக்கத்துப் பண்ணை டெல்லா ரொட்டி கொண்டுவரும்போதெல்லாம் கேட்பாள்.

“வந்துட்டா. உன்னை மாதிரி வாயாடி இல்ல, அதான் ஒத்துப்போகுது.”

போன கோடையில் அவள் பொந்துக்குள் உடம்பை நெருக்கிக்கொண்டு நுழைவதை அவன் பார்த்தான். விளிம்பில் நெஞ்சுத்தூவி ஒட்டிக்கொண்டிருந்தது. பாவமாக இருந்தது. பனிக்காலத்தில் ஏணி போட்டு ஏறி, பொந்தின் வாயைக் கத்தியால் செதுக்கி அகலமாக்கினான். சிரமமில்லாமல் போய்வரட்டுமே என்ற பாசம்தான். தனியாகக் கிடப்பவனின் பாசத்துக்கு நிதானம் ஏது?

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான். வசந்தத்தில் அவள் வந்தாள், சில நாள் உள்ளே போய்வந்தாள். அப்புறம் ஒரு பொன்கண் வாத்து வந்தது. அவளைப்போல் இரண்டு மடங்கு பெரியது, முன்பெல்லாம் அந்தப் பொந்தில் தலையை மட்டும் விட்டுப் பார்த்துவிட்டுப் போன ஜாதி. இந்தத் தடவை முழுசாக உள்ளே நுழைந்து, அவளைக் கொத்தி விரட்டிவிட்டது. அவள் மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்துவிட்டு ஏரிக்குத் திரும்பினாள்.

“அடப் பாவி மனுஷா! ஓட்டை சின்னதா இருந்ததாலதான்யா பெருசு எதுவும் உள்ள வரல. அவளுக்கு அதுதான் கதவு, தாழ்ப்பாள் எல்லாம்” என்றாள் டெல்லா.

“இடிக்குதேன்னு நெனச்சேன்.”

“அவ வந்து உங்கிட்ட சொன்னாளா?”

அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள், பொன்கண் வாத்து இரைதேடப் போன சமயம் பார்த்து ஏணியில் ஏறினான். உள்ளதையெல்லாம் வாரி எறிந்துவிடுவது என்று ஆத்திரத்தோடு கையை விட்டான். தூவிக்கு அடியில் முட்டைகள் கதகதவென்று இருந்தன. எல்லாம் பச்சை பாரித்த பெரிய முட்டைகள். நடுவில் ஒன்று மட்டும் சின்னதாக, தந்த நிறத்தில் இருந்தது. துரத்தப்படுவதற்கு முன் அவள் இட்டது.

எறிந்தால் அதுவும் போகும். அதை மட்டும் எடுத்துவந்தால் யார் அடைகாப்பது? தூவியை இழுத்து மூடிவிட்டு இறங்கினான்.

ஜூனில் ஒரு காலை, பொன்கண் வாத்து தண்ணீரில் நின்று கூப்பிட, குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் புல்லில் தொப்பு தொப்பென்று விழுந்து ஓடின. முடிந்தது என்று அவன் நினைத்தபோது, பொந்தின் வாயில் சுண்டைக்காய்த் தலை ஒன்று எட்டிப் பார்த்தது.

“குதி கண்ணு, ஒன்னும் ஆகாது.”

குதித்தது. தத்தித் தத்தி ஓடி, வரிசையின் வாலைப் பிடித்துக்கொண்டது.

கோரைப்புல் ஓரத்தில் அவள் தனியாக மிதந்துகொண்டிருந்தாள். அவளோடு ஜோடி சேர்ந்திருந்த ஆண் வாத்து எப்போதோ போய்விட்டது. அந்த வரிசை அவளை உரசுகிற மாதிரி கடந்து போனது. அவள் முங்கி எழுந்து வேறு பக்கம் பார்த்தாள். குஞ்சும் திரும்பவில்லை.

“ஏய், அது உன்னுதுடி!” என்று கத்தினான் எல்வுட்.

அவன் குரலுக்கு மிரண்டு அவள் பறந்துபோய்விட்டாள்.